ஒலித்த மணியும் ஒலிக்காத மணியும்

இயற்கையைக் கண்டு மகிழ்ந்து நிற்பது கடமையுள்ள ஒருவனுக்குத் தகுமா? ஆங்கிலப் பாட வகுப்பில் எழுந்த வினா இது. அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் பிராஸ்ட் இயற்றிய 'பனி பெய்யும் மாலையில் கானகத்தருகே' என்னும் பாடலைப் படித்துக்கொண்டிருந்தோம். "அழகு மனிதனை மயக்குகிறது; கடமை அவனை மீட்டுக்கொள்கிறது. பாடலின் கருத்து இவ்வளவுதான்" என்றார் நண்பர் ஒருவர். தேர்வுக்கு அந்த விடை போதும். ஆனால் என் மனம் அதை ஏற்க மறுத்தது. அந்த மறுப்பிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

பாடல் மிகச் சிறியது; 16 அடிகளே கொண்டது. குதிரையுடன் வழிச்செல்லும் ஒருவன் ஊருக்கு அப்பால் ஒரு கானகத்தருகே நிற்கிறான். மறுபுறம் உறைந்து கிடக்கும் ஏரி. ஆண்டிலேயே இருள் மிகுந்த மாலை அது. பனி இறங்கி மரங்களை மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அருகில் வீடு எதுவும் இல்லாத இடத்தில் ஏன் நிற்கிறோம் என்று குதிரைக்கு விளங்கவில்லை. சேணத்து மணிகளை ஒருமுறை அசைத்துக் கேட்கிறது. பிறகு, கொடுத்த வாக்குகளும் கடக்கவேண்டிய தொலைவும் அவன் நினைவுக்கு வருகின்றன.

இந்திய நாட்டில் இப்பாடலின் இறுதி அடிகள் பெற்ற புகழை முன்னடிகள் பெறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1964 மே 27-ஆம் நாள் நேரு மறைந்தபோது, அவர் அருகே இருந்த குறிப்பேட்டில் அவ்வடிகள் அவர் கையாலேயே எழுதப்பட்டிருந்தன. ஓய்வறியாத தலைவர் ஒருவரின் படுக்கையருகே இருந்தமையால் அவை கடமைக்கு எடுத்துக்காட்டாயின. ஆயினும் அடிகளை எண்ணிப் பார்ப்போம். வாக்கும் தொலைவும் பேசப்படுவன கடைசி மூன்று அடிகள். அவற்றுள்ளும் ஓர் அடி மீண்டும் வருவது. எஞ்சிய 13 அடிகளிலும் அவன் நின்றுகொண்டுதான் இருக்கிறான்! நிற்பதைத் தவறென்று சொல்ல வந்த கவிஞர் இத்தனை அடிகளை அதற்கு ஈந்திருப்பாரா?

யாப்பும் இதையே காட்டுகிறது. ஒவ்வொரு பத்தியிலும் மூன்றாம் அடி மட்டும் மற்ற மூன்றோடு இயைபு கொள்ளாமல் தனித்து நிற்கும். அடுத்த பத்தி அந்த ஓசையையே தனக்கு இயைபாக எடுத்துக்கொள்ளும். நம் அந்தாதியை ஒருவாறு ஒத்த சங்கிலி எனலாம். இறுதிப் பத்தியில் மட்டும் நான்கு அடிகளும் ஒரே ஓசையில் முடிகின்றன. புறப்பட வேண்டும் என்று அவன் சொல்லும் இடத்தில்தான் பாட்டின் நடை நின்றுபோகிறது! சொல் 'போகிறேன்' என்கிறது. ஓசை 'நிற்கிறேன்' என்கிறது.

முதற்பத்தியில் ஒரு நுட்பம் உண்டு. அக்கானகம் பிறருக்கு உரியது. உரியவர் ஊருக்குள் இருக்கிறார். தான் இங்கு நிற்பதை அவர் காணமாட்டார் என்று வழிச்செல்வோன் எண்ணுகிறான். பனியைப் பார்ப்பவன் எதற்காக இப்படி எண்ண வேண்டும்? வேலைக்கிடையே சும்மா நிற்பவனின் கூச்சம் அது என்றே நான் கருதுகிறேன். உழைத்துண்ணும் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இக்கூச்சம் புதிதன்று. விடியற்காலையில் பால்கேனை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் நான், ஒருநாள் ஏரிக்கரையில் நாரைகள் இறங்குவதைப் பார்த்து நின்றுவிட்டேன். சங்கத்தில் அளவை முடிந்துவிட்டது. அன்றைய பால் முழுவதும் வீட்டுக்கே திரும்பியது. "வேலைவெட்டி இல்லாதவன் பார்க்க வேண்டியதை நீ எதற்குப் பார்த்தாய்?" என்றார் தந்தையார். அவர் சினம் நேர்மையானது. அந்தப் பாலில்தான் என் விடுதிக் கட்டணம் இருந்தது.

பிராஸ்டும் பண்ணையில் பாடுபட்டவர். நியூ ஆம்ப்சயரில் கோழி வளர்த்தவர். ஆசிரியப் பணியும் செய்தவர். ஒரு கிறித்துமசுக்கு முன், சந்தைக்குக் கொண்டுபோன பொருள் விலைபோகாமல், பிள்ளைகளுக்குப் பரிசு வாங்க வழியின்றித் திரும்புகையில், வீட்டுக்கு முந்திய வளைவில் வண்டியை நிறுத்தி அழுததாகவும், குதிரை மணியை அசைத்த பின்னரே வீடு நோக்கிச் சென்றதாகவும் அவர் ஒருவரிடம் கூறிய செய்தி பிற்காலத்தில் பதிவாகியுள்ளது. அவர் மூத்த மகளும் தந்தை வாயிலாக இதைக் கேட்டதாகக் கூறியிருக்கிறார். இந்தக் கண்ணீரைப் பாட்டில் ஏற்றிப் படிக்க வேண்டியதில்லை; பாட்டில் கண்ணீர் இல்லை. ஆனால் அப்பாடலைச் செல்வரின் பொழுதுபோக்கு என்று தள்ளுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். இன்னொன்று: பனிப்பாட்டாகிய இது பிறந்தது 1922 சூன் திங்களின் ஒரு காலையில். இரவெல்லாம் விழித்து நீண்ட கவிதையொன்றை எழுதிவிட்டு வெளியே வந்து நின்றபோது உதித்தது என்பர்.

இனி நம் முல்லைத்திணைக்கு வருவோம். காலத்தாலும் இடத்தாலும் தொலைவில் உள்ள இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறோமேயன்றி, ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று யாரும் கருத வேண்டா. முல்லைக்கும் நிலம் காடு, சிறுபொழுது மாலை, பெரும்பொழுது கார். போர்ப்பணி மேற்சென்ற தலைவன், கார்காலத்தில் மீள்வேன் என்று வாக்களித்துப் போயிருக்கிறான். ஆக, காடும் மாலையும் வாக்கும் இங்கும் உள்ளன. வேறுபாடு எங்கே? பிராஸ்டின் பாடலில் கானகம் வாக்கை மறக்கச் செய்கிறது. முல்லையில் கானகமே வாக்கை நினைவூட்டுகிறது. கொன்றை பூத்தால் தவணை வந்துவிட்டது என்று பொருள். அங்கே பூ ஒரு நாள்காட்டி.

எனவேதான் குறுந்தொகையின் 66-ஆம் பாட்டில் தோழி, பருவமல்லாத மழையைக் காரென்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை மடமையுடையது என்கிறாள். 21-ஆம் பாட்டில் ஓதலாந்தையாரின் தலைவி அதற்கும் ஒருபடி மேலே செல்கிறாள். காடே இது கார் என்று கூறினாலும் தான் நம்பமாட்டாளாம். ஏனெனில் அவர் பொய் சொல்லாதவர். இயற்கை பொய் சொல்லலாம், தலைவன் சொல்லமாட்டான்! என்ன துணிவு! இந்தப் பெண்ணுக்குப் பூக்கள் இன்பம் தருவன அல்ல என்பதையும் மறத்தலாகாது. வழியில் வருபவனுக்கு அழகாகத் தோன்றும் ஒவ்வொரு மொட்டும், வீட்டில் இருப்பவளுக்குக் கடந்துபோகும் ஒரு நாள். முல்லையின் இனிமையை மட்டும் எடுத்துரைக்கும் நூல்கள் இதைப் போதுமான அளவு சொல்வதில்லை.

அகநானூற்றின் நான்காம் பாட்டு குறுங்குடி மருதனார் பாடியது. கார் வந்துவிட்டது, தலைவி கலங்குகிறாள், தோழி அவளைத் தேற்றுகிறாள். தலைவன் தேரில் வருகிறான். பூத்த சோலையில் வண்டுகள் தத்தம் துணையோடு தேனுண்டு தங்கியிருக்கின்றன. தேர்மணி ஒலித்தால் அவை வெருண்டு பிரியுமே என்று அஞ்சி, மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான்.

பிராஸ்டின் குதிரை மணியை அசைக்கிறது. அழகில் ஆழ்ந்தவனைக் கடமைக்கு அழைக்கும் ஒலி அது. மருதனாரின் தலைவனோ கடமை முடித்து வீடு விரைபவன். அவன் மணியை அடக்குகிறான். அங்கே பார்ப்பதற்காக வண்டி நின்றது. இங்கே தேரை நிறுத்தியதாகப் பாட்டில் சொல் இல்லை. ஓசைதான் நிற்கிறது, தேர் ஓடுகிறது. விரைவும் குறையாமல், வண்டின் கூட்டும் கலையாமல் வழி கடப்பதற்கு அவன் கண்ட வழி ஒரு துண்டுக் கயிறளவே ஆனது.

இதில் ஓர் எளிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முல்லைத் தலைவனின் கடமையும் விருப்பமும் ஒரே திசையில் இருக்கின்றன. பிராஸ்டின் மனிதனுக்கு அப்பேறு இல்லை. எனக்கும் பால்கேனோடு நின்ற அன்று இல்லை. ஆயினும் இந்தச் செய்தியைத் தோழி ஏன் தலைவியிடம் கூறுகிறாள் என்று நோக்க வேண்டும். வண்டுக்காக மணியைக் கட்டியதற்கும் தலைவியின் துயருக்கும் என்ன தொடர்பு? சிற்றுயிரின் துணை பிரிவதைப் பொறாதவன் உன்னைப் பிரிந்திருக்கப் பொறுப்பானா என்பதே தோழி கருதியது என்று கொள்ளலாம். வழியிலுள்ள பூவையும் வண்டையும் அவன் பார்த்தான் என்பதே, அவன் வாக்குத் தவறமாட்டான் என்பதற்கு அவள் காட்டும் சான்று.

நண்பரின் விடைக்கு நான் இதைத்தான் மறுமொழியாகச் சொன்னேன். தேர்வில் எழுதினால் மதிப்பெண் வருமா என்று கேட்டார். தந்தையாரோ இப்போதெல்லாம் மாலையில் ஏரிக்கரையில் நின்று மேகம் பார்க்கிறார். கேட்டால் நாற்று விடுவதற்காக என்கிறார். மேகம் கலைந்த பிறகும் சற்று நேரம் அங்கேயே நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.