நற்றாயும் கூலிச் செவிலியும்

பண்டைத் தமிழ்ப் புலவர் அகப்பொருள் பாடுங்கால் தலைவிக்கு இரு தாயரை வகுத்தனர். ஈன்றவள் நற்றாய், எடுத்து வளர்த்தவள் செவிலி. செவிலியின் மகளே தலைவிக்குத் தோழியாவள். ஆதலின் ஈன்றாள் ஒருத்தி, பேணுவாள் பிறிதொருத்தி என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் அச் செவிலி தலைவியின் மனையிலேயே வாழ்ந்தாள். நற்றாயின் கண்ணெதிரே தன் கடனை ஆற்றினாள். இக்காலத்து அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, மகனையோ மகளையோ ஆயிரம் மைலுக்கப்பாலுள்ள கலாசாலைக்கு அனுப்பிய பெற்றோருட் சிலர், அவ்வூரில் வாழும் ஒரு மாதைக் கூலிக்கு அமர்த்திச் செவிலியாக்கும் வழக்கம் தோன்றியிருக்கின்றது. வீடு துறந்து விடுதியில் வாழும் நம் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் இதில் சிந்திக்கத் தக்கது உண்டென்று எண்ணி, இதனைச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

இச் செவிலியர் செய்யும் பணிகள் பெரும்பாலும் சிறியவை. மாணவன் வந்திறங்கும் நாளில் அறைக்கு வேண்டிய மெத்தை, விளக்கு முதலியன வாங்கிக் கொடுப்பர். கோடை விடுமுறையில் அவன் பெட்டிகளைத் தம் வீட்டிற் காப்பர். பிறந்த நாளில் கேக் கொண்டு செல்வர். காய்ச்சல் கண்டால் வண்டியில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோய், வெளியே காத்திருந்து, மருந்து வாங்கி, கோழிக் கஞ்சி போன்றதொரு சூப்பும் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, பெற்றோர்க்குத் தொலைபேசியிற் செய்தி சொல்வர். இத்தனைக்கும் மாதத்திற்கோ பருவத்திற்கோ இவ்வளவென்று கட்டணம். இதனைச் செய்வோர் பெரும்பாலும் பெண்டிரே. தாய்மார் நெடுநாள் கூலியின்றிச் செய்து வந்ததற்கு விலை உண்டென்பது இப்பொழுதாவது தெரிய வந்ததே என்று ஒருவர் நகைத்தால், அவரை மறுத்தல் எளிதன்று.

இது செல்வர் வீட்டு விளையாட்டென்று தள்ளிவிடலாமா? ஓரளவுக்கு அப்படியே. எனினும் அதன் அடியில் சட்டத்தின் மாறுதலொன்று கிடக்கின்றது. முன்னாளில் அந்நாட்டுக் கலாசாலைகளே பெற்றோரின் ஸ்தானத்தில் நின்றன. கெண்டக்கி இராஜ்யத்துப் பெரியா கலாசாலை, தன் மாணவர் வெளி உண்டிச்சாலைகளுக்குச் செல்லலாகாதென விதித்தது. அதனால் வியாபாரம் கெட்ட ஒருவர் வழக்குத் தொடுத்தார். மாணவரின் ஒழுக்கம், உடல்நலம், கல்விப் பயிற்சி ஆகியவற்றில் கலாசாலை அதிகாரிகள் பெற்றோர்க்கு நிகராவரென்று 1913-ல் அவ்விராஜ்யத்து மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1960-ல் அலபாமா இராஜ்யத்திலே, கறுப்பின மாணவர் சிலர், வெள்ளையர்க்கென ஒதுக்கியிருந்த உண்டிச்சாலையில் உணவு கேட்டு அமர்ந்தனர். பின்னர் அவர்கள் அரசாங்கக் கலாசாலையினின்றும் விலக்கப்பட்டனர். குற்றம் இன்னதென அறிவித்து விசாரியாமல் விலக்குதல் முறையன்றென்று 1961-ல் அப்பீல் நீதிமன்றம் கூறிற்று. அது முதல் பெற்றோர் ஸ்தானம் என்னும் கொள்கை தளர்ந்தது. கொள்கை உறுதிபெற்றதும் தளர்ந்ததும் உண்டிச்சாலை வழக்குகளாலேயே என்பது வியப்பு.

1971-ல் பதினெட்டு வயதினர்க்கு வாக்குரிமை கிடைத்தது. 1974-ஆம் வருஷத்துச் சட்டமொன்று, உயர்தரக் கலாசாலையிற் சேர்ந்த மாணவனுடைய கல்விக் குறிப்புக்களின்மேல் உள்ள உரிமையைப் பெற்றோரினின்றும் அவனுக்கே மாற்றிற்று. வரிக் கணக்கில் அவன் பெற்றோரைச் சார்ந்தவனாயின், அல்லது உயிர்க்கோ உடல்நலத்திற்கோ அபாயம் நேரின், கலாசாலை அவர்க்குத் தெரிவிக்கலாம், தெரிவித்தே தீரவேண்டுமென்பதில்லை. ஆகவே சம்பளம் கட்டும் தந்தைக்கு மகன் தேறினானா என்று கேட்டறியும் உரிமை உறுதியாக இல்லை. கலாசாலை நீங்கிய ஸ்தானம் வெறிதாய்க் கிடக்கின்றது. அவ்விடத்திலேதான் கூலிச் செவிலி வந்து அமர்கின்றாள்.

வழக்கம் புதிதாயினும் எண்ணம் மிகப் பழையது. உரோமாபுரிச் சொல்வல்லாராகிய சிசரோ, கி.மு. 45-ல் தம் மகன் மார்க்கஸைத் தத்துவம் பயில ஏதென்ஸ் நகருக்கு அனுப்பினார். பணத்திற்குக் குறைவில்லை, பையன் எவ்வாறு நடக்கின்றான் என்னும் கவலைக்கும் குறைவில்லை. ஆங்கிருந்த லியோனிடஸ் என்பவர் அவனைப்பற்றி எழுதிய நிருபத்தில், 'இப்போதைக்கு' என்னும் கருத்துப்பட ஒரு சொல்லைச் சேர்த்துப் புகழ்ந்திருந்தார். அந்த ஒரு சொல் தந்தையை வருத்தியதனைச் சிசரோ தம் நண்பர்க்கு எழுதிய கடிதங்களிற் காண்கின்றோம். அடுத்த ஆண்டு மகன், தன் தந்தையின் காரியதரிசியாகிய டைரோவுக்கு ஒரு கடிதம் வரைந்தான். பழைய பிழைகளுக்கு வருந்துவதாகவும், தந்தையின் கட்டளைப்படி கார்கியஸ் என்னும் ஆசிரியரை விலக்கிவிட்டதாகவும் அதில் எழுதினான். பாடக்குறிப்புக்களைப் படியெடுக்க ஓர் எழுத்தன் வேண்டுமென்றும் கேட்டான். இருபது வயதுப் பிள்ளையின் கடிதம் இரண்டாயிரம் ஆண்டுகளில் அதிகம் மாறிவிடவில்லை! நாலாம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரத்து ஆசிரியர் லிபானியஸ், மாணவரோடு உடன்வந்த காப்பாளரைப்பற்றி ஒரு பேருரையே செய்தனர். அவமதிக்கப்பட்ட அக் காப்பாளரின் சார்பாக, அவர் மாணவர்க்குச் செய்யும் தொண்டினை அவ்வுரையில் எடுத்துக் காட்டுகின்றார்.

இவ்வகையிற் புகழ்பெற்ற கூலிக் காப்பாளர் ஒருவர் உளர். பொருளாதார நூலாசிரியராகிய ஆடம் ஸ்மித் அவரே. பக்ளூ பிரபு பதினேழு வயதினராய் இருந்தபோது, அவருடைய மாற்றாந்தந்தையாகிய சார்லஸ் டௌன்ஷெண்ட், வெளிநாட்டுப் பிரயாணத்தில் அவர்க்குத் துணையாகச் செல்ல ஸ்மித்தை வேண்டினார். ஆண்டுக்கு 300 பவுனும் பிரயாணச் செலவும், பின்னர் ஆயுள்முழுதும் ஆண்டுக்கு 300 பவுனும் பேச்சு. ஸ்மித் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் தாம் வகித்த ஆசிரியப் பதவியை 1764-ல் துறந்து பிரான்சு சென்றார். 1766 ஆகஸ்டில் கொம்பியேன் என்னும் ஊரில் பிரபுவுக்குக் காய்ச்சல் கண்டது. அரசருடைய மருத்துவராகிய கெனேயை அழைக்க முயன்றதையும், காலைமுதல் இரவுவரை தாம் அவ்வறையை விட்டகலாதிருந்ததையும் ஸ்மித் டௌன்ஷெண்டுக்கு விவரமாக எழுதினார். பிரபு பிழைத்தார். ஆனால் அவர் தம்பி ஹியூ அவ்வாண்டு அக்டோபரில் பாரிஸ் நகரில் நோயுற்று இறந்தார். முந்நூறு பவுனுக்கு வாங்கிய காவல் ஒருவனைக் காத்தது. மற்றொருவனைக் காக்க இயலவில்லை. இரண்டிலும் ஸ்மித்தின் அன்பிற்கோ கவனத்திற்கோ குறை இருந்ததாக நாம் காணவில்லை. இவ்வாறு இளைஞரை அந்நிய தேசங்களுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பின்னர்த் தம் பெருநூலில் அவரே கடிந்து எழுதினார். ஓய்வூதியத்தை மட்டும் 1790-ல் இறக்கும்வரை பெற்று வந்தார்.

கூலி பெறுவதனால் அன்பு பொய்யாகிவிடாது என்பதற்கு ஸ்மித்தே சான்று. மருத்துவமனைத் தாதியும் கூலி பெறுகின்றாள்; அவள் கை குளிர்ந்ததென்று எவரும் சொல்லார். யாம் கவலுவது பிறிதொன்று. செவிலி யாருக்குக் கடமைப்பட்டவள்? பணம் கொடுப்பவர் பெற்றோர், பேணப்படுபவன் மாணவன். அவன் நள்ளிரவில் குடித்துவிட்டு விழுந்தானென்றோ, மனந்தளர்ந்து பல நாள் வகுப்புக்குச் செல்லவில்லையென்றோ அவள் அறிந்தால், யாரிடம் சொல்வாள்? சொல்வாளென்று தெரிந்தால் அவன் அவளை அழையான். அழையாத செவிலி அபாய காலத்தில் உதவாள். சொல்லாளாயின், பெற்றோர் கூலி கொடுப்பதேன் என்பர். லியோனிடஸின் ஒரு சொல்லால் சிசரோ பட்ட துயரம் இதுவே. தொலைபேசி வந்தும் அது தீர்ந்தபாடில்லை.

இங்கிலாந்தில் இது வேறு வகையாய் அமைந்திருக்கின்றது. பிற நாடுகளிலிருந்து உறைவிடப் பள்ளிக்கு வரும் சிறுவர்க்குப் பாதுகாவலரை நியமிப்பது அங்கு வேரூன்றிய வழக்கம். அப் பாதுகாவலரைச் சோதித்துச் சான்றளிக்கும் சங்கமும் உண்டு. ஆனால் அவர்கள் பதினெட்டு வயதுக்குட்பட்டோர். ஆதலின் வழக்கும் எளிது. நம் நாட்டிலோ விடுதி வார்டன் இருக்கின்றார். அவரும் போதாதென்று அதே ஊரில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருக்கின்றார். ஞாயிறுதோறும் அவர் வீட்டுச் சாப்பாட்டிற்குக் கட்டணமில்லை. அங்கு நடந்ததெல்லாம் திங்கட்கிழமை ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதே அதன் விலை.

கடல்கடந்து செல்லும் நம் மாணவருடைய பெற்றோரும் இத்தகைய ஒருவரை நாட நேரலாம். அமர்த்துமுன் மூவரும் ஒருங்கிருந்து, எவற்றைப் பெற்றோர்க்குச் சொல்வது, எவற்றை மாணவன் வாயாலேயே சொல்லவிடுவது, உயிர்க்கு அபாயமென்று எவற்றைக் கொள்வது என்பவற்றை வெளிப்படையாக முடிவு செய்துகொள்ளல் வேண்டும். அவனுக்குத் தெரியாமல் வைக்கும் காவல் ஒற்று எனப்படுமேயன்றிச் செவிலித்தனம் ஆகாது. நினைவு தப்பிய நிலையில் தன் சார்பாக மருத்துவரிடம் பேசத்தக்கவர் இன்னாரென்று எழுதிவைக்கும் பத்திரத்துக்கும் அமெரிக்காவில் இடமுண்டு. அதில் தாயின் பெயரை எழுதலாம், செவிலியின் பெயரையும் எழுதலாம்; பதினெட்டு நிரம்பியபின் கையெழுத்திட வேண்டியவன் மகனே.