வானூர்தியில் செல்லும் பேட்டரி

கைப்பேசி, மடிக்கணினி, மின்சார ஸ்கூட்டர் ஆகிய அனைத்தையும் இன்று இயக்குவது லித்தியம் பேட்டரியாகும். அதன் வளர்ச்சிக்காக உழைத்த குடெனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய அறிஞர் மூவர் 2019-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். நம் தருமபுரியிலிருந்து பெங்களூர் சென்று விமானம் ஏறுவோர் பலர். ஆகவே, இப்பேட்டரியை வானூர்தியில் எவ்வாறு கொண்டு செல்வது என்பதை மாணவியராகிய நாமும் அறிதல் நலம்.

பேட்டரியினுள் இரு முனைகளையும் பிரிப்பது மெல்லிய தடுப்பு ஒன்றே. அதில் ஊறியிருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். பேட்டரி நசுங்கினாலும், அதன் முனைகளைச் சாவி, நாணயம் போன்ற உலோகம் இணைத்தாலும் சூடு ஏறும்; தடுப்பு உருகும்; ஒரு கலத்தின் வெப்பம் அடுத்த கலத்தையும் பற்றும். விமானத்திலுள்ள ஹாலான் வாயு சுடரை அடக்கலாம். உள்ளே பரவும் இவ்வெப்பத்தை அதனால் நிறுத்த இயலாது.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் புறப்பட்ட யூ.பி.எஸ். சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. அதில் 81,000-க்கும் மேற்பட்ட பேட்டரிகள் இருந்தன. திரும்பி இறங்க முயல்கையில் விமானிகளின் அறையைப் புகை சூழ்ந்தது. விமானம் வீழ்ந்து இருவரும் மாண்டனர். அபாயப் பொருள் என அறிவித்திருக்க வேண்டிய சரக்குகளில் குறைந்தது மூன்று அவ்வாறு அறிவிக்கப்படவில்லை என விசாரணை கூறியது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, லித்தியம் அயனி பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவதை 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்தது. சரக்கு விமானத்தில் அனுப்பும்போதும் அவற்றின் மின்னேற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டலாகாது.

பயணியருக்கும் விதி உண்டு. பவர் பேங்க், உதிரி பேட்டரி ஆகியவை கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் கூடாது. கைப்பையில் புகை எழுந்தால் உடனே கண்டு நீரூற்றிக் குளிர்விக்கலாம் அன்றோ? அளவு 100 வாட் மணிக்குள் இருத்தல் வேண்டும். 100 முதல் 160 வரை எனில் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. கணக்கு எளிது: மில்லி ஆம்பியர் மணியை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணியும் 3.7 வோல்ட்டும் கொண்ட பவர் பேங்க் 74 வாட் மணி. ஆகவே எடுத்துச் செல்லலாம்.

தோழியரே! முனைகளை நாடாவால் ஒட்டுவோம். உப்பிய, நசுங்கிய பேட்டரியை அனுப்பாதிருப்போம். வெளிநாட்டு உறவினருக்குப் பொதி அனுப்புகையில் உள்ளே இருப்பதை உள்ளபடி எழுதச் சொல்லிப் பெற்றோருக்கும் எடுத்துரைப்போம். நாம் காணாத விமானியின் உயிர் அந்த ஒரு வரியைச் சார்ந்திருக்கலாம்.