மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்



இந்த மாதப் பாடம் அமெரிக்காவில் உண்மையாக நடந்த ஒரு விஷயம். கூட்டத்தில் ஒருத்தர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

தெற்குக் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் ஜான்ஸ் தீவு இருக்கிறது. 1950களில் அங்கே பெரும்பாலும் கறுப்பின மக்கள்தான். வயல் வேலை, நகரத்தில் கூலி வேலை என்று பிழைப்பு ஓடியது. அவர்களுக்கு ஓட்டுரிமை சட்டப்படி உண்டு. ஆனால் பட்டியலில் பெயர் சேர்க்க, மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியை அதிகாரி முன்னால் வாசித்துக் காட்டணும். இல்லாவிட்டால் 300 டாலர் மதிப்புக்குச் சொத்து இருக்கணும். எழுத்தும் தெரியாது, சொத்தும் கிடையாது என்றால் ஓட்டும் கிடையாது.

ஈசா ஜென்கின்ஸ் என்பவர் அந்தத் தீவிலிருந்து நகரத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போக பஸ் ஓட்டினார். ஆலிஸ் வைன் என்ற பயணி அவரிடம், "எனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுங்க, நான் ஓட்டுப் போடணும்" என்று கேட்டார். ஜென்கின்ஸ் பஸ்ஸிலேயே சட்டத்தைப் படித்துக் காட்டினார். அந்த அம்மா மனப்பாடம் பண்ணிவிட்டார். ஆனாலும் அவருக்கு ஆசை மனப்பாடத்தில் இல்லை, வாசிப்பதில்.

அதற்கு இடம் வேண்டுமே! டென்னசி மாநிலத்து ஹைலேண்டர் என்ற பயிற்சிப் பள்ளி 1500 டாலர் கடன் கொடுத்தது. தீவு மக்களின் சங்கம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பு. வெளியே பார்க்கிறவர்களுக்குக் கடை மட்டும்தான் தெரியணும் என்பதே திட்டம். ஓட்டு வகுப்பு என்று தெரிந்தால் வேலை போய்விடும். அது வெறும் பயம் இல்லை. இதை முன்னின்று நடத்திய செப்டிமா கிளார்க் 40 ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதை மறைக்க மாட்டேன் என்றதால் 1956ல் வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு.

சரி, யார் பாடம் எடுப்பது? கிளார்க்கின் உறவுக்காரர் பெர்னிஸ் ராபின்சனைக் கூப்பிட்டார்கள். பியூட்டி பார்லர் வைத்திருந்தவர், துணியும் தைப்பார். "நான் டீச்சர் இல்லையே" என்று தயங்கினார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். வேலையை விட்டு நிறுத்த மேலே முதலாளி யாரும் கிடையாது.

1957 ஜனவரி 7ந்தேதி 14 பேர் வந்தார்கள். ராபின்சன் கையில் குழந்தைகளின் பாடப் புத்தகம். பார்த்ததுமே இது பெரியவங்களுக்கு ஆகாது என்று புரிந்துபோச்சு. (கையில் புத்தகத்தோடு போகும் எங்களைப் போன்ற களப்பணியாளர்களும் செய்கிற தப்புதான் இது.) அதை ஒதுக்கிவிட்டு, "உங்களுக்கு என்ன கத்துக்கணும்?" என்று கேட்டார். பெயர் எழுதணும், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் கடிதத்தை நாமே வாசிக்கணும், மணியார்டர் பாரம் நிரப்பணும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது.

பெயரை அட்டையில் எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். ஒரு நாள் கரும்பலகையில் எல்லார் பெயரும் இருந்தது. 65 வயது அம்மா ஒருவர் எழுந்துபோய், அதில் தன் பெயர் எது என்று தொட்டுக் காட்டினார். ராபின்சனுக்கு உடம்பு சிலிர்த்துப் போனதாம்.

வயலில் வேலை குறைந்த மாதங்களில், வாரம் இரண்டு ராத்திரி வகுப்பு. பிறகு பக்கத்துத் தீவுகளிலும் ஆரம்பித்தார்கள். 1961ல் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு பொறுப்பேற்க, தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. வாசித்துக் காட்டும் அந்தப் பரீட்சைக்கு 1965ம் ஆண்டு ஓட்டுரிமைச் சட்டம் முடிவு கட்டியது.

செப்டிமா கிளார்க்குக்குப் பென்ஷன் திரும்பக் கிடைத்தது 1976ல். அப்போது அவருக்கு 78 வயது. வேலை பறிபோன அதே சார்ல்ஸ்டனில், பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் தேர்தலில் ஜெயித்து உறுப்பினர் ஆனார்.