அயுத்தயாவில் ஒரு நாள் செலவு 1,400 ரூபாய், என் ஏடிஎம் தண்டம் 1,650 ரூபாய்

தாய்லாந்து பட்ஜெட் வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "சார், கடன் வாங்கிப் போகலாமா?" அதுல ஒரு தம்பியோட கணக்கை எடுத்துக்கறேன். கையில வர்ற சம்பளம் 38,000. கூட வேலை பார்க்கிற நாலு பேர் 80,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் புக் பண்றாங்க. இவரும் போகணும். பேங்க் ஆப்ல பர்சனல் லோன் ரெடியா நிக்குது, 16% வட்டி, 24 மாசம்.

மாசத் தவணை சுமார் 3,917 ரூபாய். இரண்டு வருஷத்துல வட்டி மட்டும் 14,000. ப்ராசஸிங் கட்டணம் 2%, அதுக்கு ஜிஎஸ்டி, அது ஒரு 1,888. ஆக மொத்தம் 15,900 ரூபாய் கிட்ட, ஊரைப் பார்க்கறதுக்காக இல்ல, பணத்தை முன்னாடியே வாங்கினதுக்காகப் போகுது. இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில திரும்ப வரும்.

நான் போனது 2024 நவம்பர்ல. அப்போ ஒரு பாட் சுமார் 2.50 ரூபாய். கீழே எல்லாக் கணக்கும் அந்த விலையில்தான். நீங்க போறப்ப அன்னைக்கு விலையையும் நுழைவுக் கட்டணத்தையும் பார்த்துட்டு எண்ணை மாத்திக்கங்க, முறை மாறாது.

பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் அயுத்தயா. பேரைக் கேட்டாலே தெரியும், நம்ம அயோத்திதான். 1350 வாக்கில் உருவான தலைநகரம், நானூறு வருஷத்துக்கு மேல சயாம் ராஜ்ஜியம் இங்கிருந்துதான் நடந்தது. 1767-ல் பர்மியப் படை எரிச்சுட்டுப் போச்சு. சாவோ ப்ராயா, லோப்புரி, பா சாக் மூணு ஆறும் சுத்தி ஓடறதால ஊரின் நடுப்பகுதி ஒரு தீவு. தரை தட்டை, மேடு பள்ளம் கிடையாது. சைக்கிளுக்குன்னே போட்ட மாதிரி இருக்கும். தாய்லாந்துலயும் இடது பக்கம்தான் ஓட்டணும், அதனால நமக்குக் குழப்பமே இல்ல.

நான் தங்கின ஹோட்டல் வரவேற்பறையில இந்த ஒரு நாள் டூருக்கு ஆளுக்கு 1,500 பாட் சொன்னாங்க. வேன், கைடு, சாப்பாடு எல்லாம் சேர்த்து. வேணாம்னு சொல்லிட்டு சாதாரண ரயில் ஏறினேன். மூணாம் வகுப்பு, ஏசி இல்ல, மின்விசிறியும் திறந்த ஜன்னலும். போக 20 பாட், வர 20. இரண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். அதே தடத்துல ஏசி எக்ஸ்பிரஸும் ஓடுது, பல மடங்கு விலை. மிச்சமாகிற நேரம் அரை மணி இருந்தா அதிகம்.

ஸ்டேஷனை விட்டு வெளிய வந்து, ரோட்டைக் கடந்து நேரா நடந்தா பா சாக் ஆத்தங்கரை. படகுல 10 பாட் குடுத்தா அந்தக் கரை. இறங்கின பக்கத்துலயே சைக்கிள் வாடகை, நாளைக்கு 50 பாட். இங்க கொஞ்சம் நிதானமா இருங்க. பிரேக்கை அழுத்திப் பாருங்க, பூட்டும் சாவியும் கேட்டு வாங்குங்க. சில கடையில பாஸ்போர்ட்டை அடகு மாதிரி வைக்கச் சொல்வாங்க. குடுக்காதீங்க. நகல் குடுங்க, இல்ல ரொக்கமா டெபாசிட் கட்டுங்க. ஒத்துக்கலைன்னா அடுத்த கடை. வெளிநாட்டுல இருக்கிறவரைக்கும் உங்க கையில இருக்கிற மிகப் பெரிய சொத்து அந்தப் புத்தகம்தான்.

ஸ்கூட்டர் வாடகை இன்னும் சுலபமா கிடைக்கும். ஆனா டூ வீலர் லைசென்ஸும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் இல்லாம ஓட்டி விழுந்தீங்கன்னா, டிராவல் இன்சூரன்ஸ் கிளெய்மை நிராகரிக்க அதுவே போதும். 600 ரூபாய் கட்டி வாங்கின பாலிசி, வேண்டிய அன்னைக்குக் காகிதமாகிடும். சைக்கிளுக்கு இந்தச் சிக்கலே இல்ல.

அடுத்து டிக்கெட். முக்கியமான இடங்களுக்கு அப்போ தனித்தனியா 50 பாட். ஆறு இடம் சேர்த்து ஒரே டிக்கெட் 220 பாட். கவுண்டர்ல பார்த்ததும் "300 ரூபாய் பொருள் 220-க்கு" மாதிரி தோணும். உங்க கேள்வி அது இல்ல. நீங்க எத்தனை இடம் போவீங்க? நாலு இடம்னா தனித்தனியா 200 தான், சேர்த்து வாங்கினா 20 நஷ்டம். அஞ்சாவது இடத்துலதான் லாபம் ஆரம்பிக்குது. நவம்பர் வெயில்லயே சைக்கிள் மிதிச்சு நாலுக்கு மேல என்னால முடியல. ஆன்லைன்ல "மூணு வாங்கினா 40% தள்ளுபடி"ன்னு போடறப்பவும் இதே கணக்குதான்.

அந்த நாலையும் சொல்லிடறேன். வாட் மகாதாத்ல மரத்தோட வேர் புத்தர் தலையைச் சுத்தி அணைச்சு வச்சிருக்கு. படம் எடுக்கறவங்க புத்தர் தலைக்கு மேல தங்களோட தலை போகாம உட்கார்ந்துதான் எடுக்கணும். எதிர்லயே வாட் ராட்சபூரணா. சிம்மாசனத்துக்காக இரண்டு அண்ணன்கள் யானை மேல சண்டை போட்டு ரெண்டு பேருமே செத்துப்போக, ராஜாவான தம்பி அவங்களை எரிச்ச இடத்துல 1424-ல் கட்டினது. அதோட நிலவறையில இருந்த தங்கத்துல ஒரு பங்கை 1957-ல் கொள்ளைக்காரங்க தூக்கிட்டாங்க. மீட்டதும் மிஞ்சினதும் சாவோ சாம் ப்ராயா அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த மியூசியம் கட்ட காசு எப்படி வந்தது தெரியுமா? அங்க கிடைச்ச சின்னச் சின்ன புத்தர் வில்லைகளை நன்கொடையாளர்களுக்குக் குடுத்துத் திரட்டினாங்க. ஆடிட்டர் புத்திக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

மூணாவது வாட் ப்ரா சி சன்பேட், பழைய அரண்மனைக் கோயில், வரிசையா மூணு ஸ்தூபி. நாலாவது வாட் சைவத்தனாராம், 1630-ல் கட்டினது, தீவுக்கு வெளிய, மேற்குக் கரையில. பாலம் ஏறி இறங்கணும், லாரி கூட வரும், ஓரமா போங்க. சாயங்கால வெளிச்சத்துல செங்கல் கோபுரங்கள் சிவந்து நிக்கிறதைப் பார்த்தப்ப, டூர் வேன் கூட்டம் கிளம்பிப் போயிருந்தது. நான் மட்டும் ஒரு மரத்தடியில சைக்கிளைச் சாய்ச்சுட்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். அதுக்குத் தனி டிக்கெட் இல்ல.

நாளோட கூட்டல்: ரயில் 40, படகு 20, சைக்கிள் 50, நுழைவு 200, மதியம் நூடுல்ஸும் குளிர்பானமும் 150, தண்ணி, இளநீர், ஊர் ஸ்பெஷல் பஞ்சு மிட்டாய் ரொட்டி எல்லாம் 100. மொத்தம் 560 பாட். 1,400 ரூபாய்.

இப்ப என் அசட்டுத்தனம். வெளிநாட்டு கார்டு போட்டா, தாய்லாந்து ஏடிஎம்ல ஒவ்வொரு தடவையும் 220 பாட் பிடிச்சாங்க. எவ்வளவு எடுத்தாலும் அதே 220. நான் "கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா கட்டுப்பாடா செலவு பண்ணலாம்"னு மூணு தடவை எடுத்தேன். 660 பாட், 1,650 ரூபாய். ஒரு முழு அயுத்தயா நாளை விட அதிகம்! 1,000 பாட் எடுத்தா இந்தக் கட்டணம் 22%. 10,000 எடுத்தா 2.2%. நிலையான கட்டணத்தைப் பத்தி மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவன், வரிசையில நின்னு மூணு தடவை கட்டினேன். ஊர்லயே கொஞ்சம் பாட் மாத்திக்கிட்டு போங்க, எடுத்தா ஒரே தடவையா எடுங்க. மெஷின் "ரூபாயில் கணக்கிடட்டுமா?"ன்னு கேட்டா வேணாம்னு சொல்லுங்க, பாட்லயே போகட்டும். ரூபாய்னு அமுக்கினா அவங்க வச்ச விலைதான். கிரெடிட் கார்டுக்கு ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5% இருந்தா, அது மேல 18% ஜிஎஸ்டி சேர்த்து 4.13%. 20,000 ரூபாய் தேய்ச்சா 826 ரூபாய் காலி.

வரி விஷயம் இரண்டு. முதல்ல எல்டிஏ. "சம்பளத்துல எல்டிஏ இருக்கே, ஃப்ளைட் டிக்கெட் பில் குடுக்கலாமா?" முடியாது. பழைய வரி முறையில இருந்தாலும் அந்த விலக்கு இந்தியாவுக்குள்ள பயணத்துக்கு மட்டும்தான். 2022-ல் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவா சொல்லிடுச்சு.

இரண்டாவது டிசிஎஸ். 2025-26 நிதியாண்டில் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு 10 லட்சம் வரைக்கும் 5% இருந்தது. அந்த விகிதத்துல தம்பியோட 80,000 பேக்கேஜுக்கு மேல 4,000 தனியா கட்டணும். இது தொலைஞ்ச பணம் இல்ல, ரிட்டர்ன் போடறப்ப வரியில கழிச்சுக்கலாம், மீதி ரீஃபண்டா வரும். அதுவரை காத்திருக்கப் பிடிக்கலைன்னா அதுக்கான படிவத்துல கம்பெனிக்குச் சொன்னா சம்பள டிடிஎஸ்ஸை அந்த அளவு குறைச்சுப் பிடிப்பாங்க. 2024 அக்டோபர்ல வந்த வசதி, நிறைய பேருக்குத் தெரியல. ஃப்ளைட் டிக்கெட்டை ஒரு இடத்துல, ரூமை வேற இடத்துல நீங்களே புக் பண்ணினா அது பேக்கேஜே இல்ல, இந்த டிசிஎஸ் வராது.

என் அஞ்சு நாள் மொத்தக் கணக்கு: சென்னை–பாங்காக் போக வர 16,800, நாலு ராத்திரி ஹாஸ்டல் 5,000, சாப்பாடும் சுத்தினதும் 8,750, இன்சூரன்ஸ் 600, ஏடிஎம் தண்டம் 1,650. ஆக 32,800.

தம்பிக்கு நான் எழுதினது இதுதான். மாசம் 3,500 ஒரு ஆர்டி-ல போடுங்க, பத்து மாசத்துல 35,000. லோன் தவணையை விட 400 ரூபாய் குறைவு, அதுவும் 24 மாசம் இல்ல, பத்தே மாசம். ஆனா அதுக்கு முன்னாடி கேட்டேன், அவசரத்துக்குன்னு கையில எவ்வளவு இருக்கு? 12,000. வீட்டுல அப்பா அம்மா இவரை நம்பி இருக்காங்க. அப்போ முதல் மூணு நாலு மாசம் ஆர்டி கூட வேணாம், அந்தப் பணம் அங்க போகட்டும். லோனுக்குப் போற 15,900 அயுத்தயாவில் 11 நாள் செலவு.

பதில் வந்தது. "புரியுது சார், ஆனா அவங்க நாலு பேரும் போயிட்டு வந்து ஆபீஸ்ல பேசறப்ப நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கணுமே." இதுக்கு எக்செல் ஷீட்ல பதில் இல்ல. எனக்கும் 24 வயசுல அதே நாற்காலிதான் இருந்தது. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு: அந்த நாலு பேர்ல எத்தனை பேர் லோன் போட்டிருக்காங்கன்னு விசாரிச்சீங்களா? மூணு பேராம். ஒருத்தர் இன்னும் பணம் கட்டலையாம், இவரை மாதிரியே யோசிச்சுக்கிட்டு இருக்காராம். இப்ப அவங்க ரெண்டு பேரும் அடுத்த நவம்பருக்கு ஃப்ளைட் விலை பார்த்துக்கிட்டு இருக்காங்க.

போறவங்களுக்கு ஒரு குறிப்பு: 2025 மே மாசத்திலிருந்து தாய்லாந்துக்குள்ள நுழைய டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். இறங்கறதுக்கு முன்னாடி மூணு நாளுக்குள்ள அரசாங்கத் தளத்துல நிரப்பணும். இலவசம். தேடல்ல முதல்ல வர்ற ஏதாவது ஒரு தளம் காசு கேட்டுச்சுன்னா, அந்தப் பக்கத்தை மூடிடுங்க.