மலம் கறுப்பாகப் போனால்...

லயங்களுக்குப் போகும்போது நாங்கள் இரண்டு விதமான ஆட்களைக் காண்கிறோம். கர்ப்பிணித் தாய்மார் சிலர், "இரும்புச்சத்து குளிசை குடிச்சா கறுப்பா போகுதுங்க" என்று பயந்து குளிசையை நிறுத்தி விடுகிறார்கள். வேறு சிலர் பயப்பட வேண்டிய கறுப்பை, "ஒடம்பு சூடு" என்று சொல்லி, கொத்தமல்லித் தண்ணி குடித்துவிட்டு மலைக்குப் போகிறார்கள். இரண்டையும் பிரித்து அறிவது அவசியம்.

பயம் வேண்டாதது:
இரும்புக் குளிசை குடிப்பவர்களுக்கு மலம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ போகும். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறுவதே காரணம். குளிசையை நிறுத்தாதீர்கள். தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் அது தேவை. பிறந்த குழந்தை முதல் இரண்டு நாள் கரும்பச்சையாகப் போவதும் இயற்கையே.

பயப்பட வேண்டியது:
மலம் தார் போலக் கறுத்து, பசையாக ஒட்டி, கடும் நாற்றத்தோடு போனால், வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது என்று எண்ண வேண்டும். இரத்தம் குடலில் சமிபாடடைந்து வருவதால் சிவப்பு நிறம் கறுப்பாகிறது. இரும்புக் குளிசை குடிப்பவரும் இப்படிப் போனால் அசட்டை செய்யக் கூடாது.

காரணங்கள்:
1. இரைப்பைப் புண், குடற்புண். பலருக்கு இது ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமியால் வருகிறது. மருந்தால் குணமாக்கலாம்.
2. நோவுக் குளிசைகள். முழங்கால், இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென், அஸ்பிரின் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும். பனடோல் இந்த வகை அல்ல.
3. சாராயம், கசிப்பு. ஈரல் கெட்டால் உணவுக்குழாயின் இரத்தக் குழாய்கள் புடைத்து வெடிக்கலாம்.
4. இரைப்பைப் புற்றுநோய்.

செய்ய வேண்டியது:
தார் போலப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடிக்கும் மருந்துகளின் உறைகளைக் கையோடு கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். கடையில் வாங்கிய நோவுக் குளிசையை மேலும் போடாதீர்கள். இருதய நோய்க்கு டாக்டர் தந்த அஸ்பிரின் என்றால் அதைப் பற்றி அவரிடமே கேளுங்கள்.

தலைசுற்று, குளிர்ந்த வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, இரத்த வாந்தி இருந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், காசு இல்லை. நோயாளியைப் படுக்க வையுங்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள்.

மலத்தைப் பற்றிப் பேச வெட்கம்தான். ஆனால் வெட்கப்பட்டு மறைத்தால் உயிருக்கே ஆபத்து. பெரட்டுக் களத்தில் சொல்ல முடியாவிட்டால், மருத்துவ மாதுவிடமோ எங்களிடமோ தனியாக வந்து சொல்லுங்கள்.