ஓடுதலும் ஒளிதலும்

ஒரு பொருளையே குறிப்பன போலத் தோன்றும் பல சொற்களை நுணுகி நோக்கின், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பொருளைக் கொண்டிருத்தல் புலனாகும். இருந்த இடத்தை விட்டு நீங்குதலைக் குறிக்கும் சொற்களும் இத்தகையனவே. போர்க்களத்தில் அஞ்சி ஓடியவனைப் 'புறமுதுகிட்டான்' என்பர். தீங்கினின்று நீங்கியவனைத் 'தப்பினான்' என்பர். கடன் கொடுத்தவனுக்கு முகங்காட்டாது நழுவியவனைக் 'கம்பி நீட்டினான்' என்பது உலக வழக்கு. சட்டத்தின் கைக்கு அகப்படாமல் இருப்பவனைத் 'தலைமறைவானான்' என்பர்.

இத்'தலைமறைவு' என்னும் சொல்லுக்கு நேராக ஆங்கிலத்தில் வழங்குவது 'அப்ஸ்காண்ட்' என்னும் வினைச்சொல்லாகும். 'ஓடிப்போதல்' என்றே அதற்குப் பலரும் பொருள் கொள்வர். அதன் பிறப்பை ஆராயின் உண்மை வேறாதல் விளங்கும். இலத்தீன் மொழியில் 'அப்ஸ்' என்பது 'அப்பால்' எனப் பொருள்படும். 'கோண்டெரே' என்பது 'சேர்த்து வைத்தல்' எனப் பொருள்படும். இவ்விரண்டும் கூடிய 'அப்ஸ்கோண்டெரே' என்னும் சொல், ஒன்றைக் கண்ணுக்கு அப்பால் மறைத்து வைத்தலைக் குறித்தது. இதுவே 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற் புகுந்தது. இச்சொல்லின் வேரில் ஓட்டம் இல்லை, மறைவே உண்டு.

தமிழ்ச் சொல்லும் அவ்வாறே அமைந்திருத்தல் வியப்புக்குரியது. தலையை மறைத்தலே தலைமறைவு. கால் ஓடியதா, நின்றதா என்பதை அச்சொல் கூறவில்லை. மறைத்தலைப் பண்டையோர் 'கரத்தல்' என்றும் வழங்கினர். ஒரு செய்யுளுக்குள் மற்றொரு செய்யுள் மறைந்து நிற்குமாறு பாடப்பெறும் சித்திரகவியைக் 'கரந்துறைச் செய்யுள்' என்பர். உள்ளே மறைந்த பாட்டு வேறெங்கும் ஓடிவிடவில்லை அன்றோ?

இவ்வேர்ப்பொருளைச் சென்னை உயர் நீதிமன்றமே ஒருமுறை எடுத்துரைத்தது. 1881ஆம் ஆண்டின் வழக்கொன்றில் இந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் ஆராயப்பட்டது. தன் இடத்தை விட்டு அகன்றால்தான் ஒருவன் தலைமறைவானவன் ஆவான் என்பதில்லை. தன்னை ஒளித்துக்கொள்ளுதலே அச்சொல்லின் பொருள். தன் வீட்டிலேயே பதுங்கியிருப்பினும் அவன் தலைமறைவானவனே என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பிற்காலத்து வழக்குகள் பலவற்றிலும் இவ்விளக்கம் எடுத்தாளப்பட்டுள்ளது.

ஓடாதவனும் தலைமறைவாகலாம் என்பது இதனாற் பெறப்பட்டது. ஓடியவர் எல்லாரும் தலைமறைவானவரா என்னும் வினா இனி எழும். அதற்கு விடை கூறும் நிகழ்ச்சி ஒன்று, அந்நீதிமன்றத்தை அடுத்த துறைமுகத்திலேயே நேர்ந்தது. முதல் உலகப்போர் மூண்ட 1914ஆம் ஆண்டு, செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை அணுகிக் குண்டுமாரி பொழிந்தது. துறைமுகத்தில் இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தனர். குண்டு ஒன்று உயர் நீதிமன்ற வளாகத்தின் மதிலையும் தாக்கியது. அதனைக் குறிக்கும் நினைவுப் பலகை அவ்விடத்தில் உள்ளது. அச்சமுற்ற மக்கள் ஆயிரக்கணக்கில் நகரை விட்டு வெளியேறினர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களிலும், சப்பானியர் படையெடுப்பர் என்னும் அச்சத்தால் நகரம் மீண்டும் வெறிச்சோடியது.

இம்மக்கள் ஓடியது உண்மை. ஆயினும் அவர்கள் எவர்க்கும் ஒளிந்தவர் அல்லர். உயிரைக் காத்தற்பொருட்டு, பலர் காண, பகலிலும் இரவிலும் வெளிப்படையாகச் சென்றவர். அவர்களைத் தலைமறைவானவர் என்றல் எவ்வாறு பொருந்தும்?

ஒளிந்தவன் என்று துணியப்பட்ட ஒருவனையும் உடனே குற்றவாளி என்று கொள்ளுதல் தகாது. குற்றமற்றவனும் அச்சத்தால் விலகிச் செல்லக்கூடும்; ஆதலின் தலைமறைவு ஒன்றையே கொண்டு குற்றத்தைத் துணிதல் ஆகாது என இந்திய உச்ச நீதிமன்றம் 1971ஆம் ஆண்டில் கூறியது. பிடியாணைக்கு அகப்படாது ஒளிந்தவனை முன்வருமாறு அழைக்கும் அறிவிப்பிலும், குறைந்தது 30 நாள் தவணை அளித்தல் வேண்டும் என்பது சட்டம்.

1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி புறப்பட்ட இராயபுரம் முதல், திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் வரையில், துறைமுகமும் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. அங்கே வேலை நாடி வருவோரும், வேலை ஒழிந்து பெயர்வோரும் பலர். பூட்டிய கதவு ஒன்றைக் கண்டதும், 'அவன் தலைமறைவாகிவிட்டான்' என்று அயலார் கூறிவிடின், அச்சொல் அவன் மீது பழியாய் நின்றுவிடும். திரும்பி வரும்போது அவன் வேலையையும் நற்பெயரையும் இழந்திருத்தல் கூடும். அவன் பிழைப்பு நாடிச் சென்றானா, நோயுற்ற தாயைக் காணச் சென்றானா என்பதை அறிந்த பின்னரே சொல்லைத் தெரிதல் வேண்டும். சொல்லின் வேரை அறிதல் புலமைக்கு மட்டும் உரிய பயன் அன்று. பிறர்மேல் பொய்ப்பழி சுமத்தாமல் நம் நாவைக் காப்பதும் அதுவே.