சிக்னல் இல்லாத லயத்திலும் படிக்கலாம்



இன்று அநேகமான லய வீடுகளில் ஒரு டச் போனாவது இருக்கிறது. ஆனால் சிக்னல்? மலைச் சரிவுகளில் ஒரு கோடு வரும், போகும். ரீலோட் போட்ட டேட்டாவும் மாதம் முடியுமுன்னே தீர்ந்துவிடும். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு, மழையென்றும் இருட்டென்றும் பாராமல் மேட்டு ரோட்டில் போய் நிற்கிறார்கள்.

இதற்கு வழி உண்டு. டவுனிலோ பாடசாலையிலோ சிக்னல் உள்ள இடத்தில் ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால், வீட்டில் இன்டர்நெட் இல்லாமலே படிக்கலாம். எதற்கு எந்தச் செயலி பொருந்தும் என்று பார்ப்போம்.

1. பாடப் புத்தகம் வேண்டுமானால்

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் தமிழிலும் இலவசமாக உண்டு. அவை பி.டி.எப். கோப்புகள். பி.டி.எப். திறக்கும் செயலி ஒன்று போதும். பெரும்பாலான போன்களில் அது ஏற்கனவே இருக்கும்.

2. ஒரு பக்கம் மட்டும் வேண்டுமானால்

குரோமில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரியும். அதை அழுத்தினால் பக்கம் போனில் சேமிக்கப்படும். வேறு செயலி தேவையில்லை.

3. ஒரு நூலகமே வேண்டுமானால்

கிவிக்ஸ் என்ற செயலி 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காசு இல்லை. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இதில் இறக்கிக்கொள்ளலாம். படங்களோடும் உண்டு, படமில்லாமலும் உண்டு. இடம் குறைந்த போனுக்குப் படமில்லாததே நல்லது. இறக்குமுன் எவ்வளவு பெரியது என்று காட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். விக்கிப்பீடியா பலரும் எழுதித் திருத்துவது. பாடப் புத்தகத்தோடு மாறுபட்டால் ஆசிரியரிடம் கேட்டுத் தெளியுங்கள்.

எந்தச் செயலியானாலும் நான்கு சோதனை

முதலாவது: டவுனை விட்டுக் கிளம்புமுன் போனை பிளைட் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். சில செயலிகள் தலைப்பை மட்டும் காட்டிவிட்டு, உள்ளே போனதும் இன்டர்நெட் கேட்கும்.

இரண்டாவது: தமிழ் எழுத்து ஒழுங்காக வருகிறதா? கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால் அது நமக்கு ஆகாது. எழுத்தைப் பெரிதாக்க முடிந்தால் வயதானவர்களும் வாசிக்கலாம்.

மூன்றாவது: சேமித்தது யார் கையில் இருக்கிறது? இதுதான் முக்கியம். பொக்கெட் என்ற செயலியை உலகம் முழுக்கப் பலர் பாவித்தார்கள். பிறகு வாசிக்கலாம் என்று ஆண்டுக்கணக்கில் கட்டுரைகளைச் சேர்த்து வைத்தார்கள். அதை நடத்திய மொசில்லா நிறுவனம் 2025 ஜூலை 8ஆம் திகதி அதை மூடிவிட்டது. தவணை கொடுத்தார்கள்தான். ஆனால் எடுக்க முடிந்தது பக்கங்களின் முகவரிப் பட்டியலே, பக்கங்கள் அல்ல. அரிசியைப் பிறத்தியார் வீட்டில் வைத்தால் அவர்கள் கதவைப் பூட்டும் நாளில் நமக்குச் சோறில்லை. பி.டி.எப். அப்படியல்ல. மெமரி காட்டில் போடலாம், பக்கத்து வீட்டுப் போனுக்கு அனுப்பலாம், வேறு செயலியிலும் திறக்கலாம். ஆகவே பிள்ளைக்கு அவசியமானதை எப்போதும் பி.டி.எப். ஆகவும் வைத்திருங்கள்.

நான்காவது: பக்கம் வாசிக்கிற செயலிக்கு உங்கள் போன் நம்பர் பட்டியல் எதற்கு? அப்படிக் கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள். சில நாள் இலவசம், பிறகு காசு என்பதையும் கவனியுங்கள்.

ஒரு வீட்டில் இறக்கினால் லயம் முழுவதும் பயன்பெறலாம். கிவிக்ஸில் உள்ள ஹொட்ஸ்பொட் வசதியால் ஒரு போனில் இருப்பதை அருகில் உள்ள போன்களிலும் டேட்டா செலவின்றி வாசிக்கலாம். நாலைந்து குடும்பங்கள் பேசிக்கொண்டு, ஆளுக்கொரு பாடமாக இறக்கிப் பகிருங்கள்.

வரும் ஞாயிறு டவுனுக்குப் போகிறவர்கள், உங்கள் பிள்ளையின் ஒரு பாடநூலையாவது இறக்கிக்கொண்டு வாருங்கள். பிள்ளை இனி மேட்டு ரோட்டில் நனையாமல், அடுப்படிச் சூட்டில் உட்கார்ந்து படிக்கட்டும்!